நோன்பாளி கட்டிய சோறு

"பசிச்சா மார்க்கு குறையுமாண்ணே?"

லெட்சுமி இதைக் கேட்டபோது அவளுக்கு எட்டு வயது. கோலா சிலாங்கூரில் சீனி முகம்மதுவின் சாப்பாட்டுக் கடை மாடியில், அண்ணனோடு வந்தவள் கடையில் கொடுத்த ரொட்டியைத் தின்றபடி, வெங்காய மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். கடைக்காரரின் மகன் நூருல் அமீன் சிவப்புப் பென்சிலும் கையுமாக, அவளுடைய அண்ணன் காளியண்ணன் எழுதிய தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தான். கேள்வி அவனிடம்தான்.

ஏன் கேட்கிறாய் என்றான் அமீன்.

"எனக்குப் பசிச்சா வாய்ப்பாடு மறந்துபோவுது. அண்ணன் காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலையே, அதான்."

காளியண்ணன் தங்கையின் தலையில் மெல்லக் குட்டினான். அமீன் சிரித்துவிட்டு மறுபடி தாளைப் பார்த்தான். பிறகு பென்சிலைக் கீழே வைத்துவிட்டான்.

அது மலாயாவில் கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரர்கள் போட்ட அவசரகாலத்தின் ஐந்தாவது வருடம். இரண்டு பேருக்கும் அப்போது இருபது வயது. கிள்ளானில் ஒரே ஆங்கிலப் பள்ளியில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். சிங்கப்பூரில் இருந்த பல்கலைக்கழகத்தில் சேர நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். போன வருடம் எழுதி இருவருமே தவறிவிட்டார்கள். இந்த வருடமும் தவறினால் தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் சின்னக் கிராணியாகவே இருந்துவிடு என்று காளியண்ணனிடம் துரை சொல்லியிருந்தார். அமீனுக்கும் அவன் வாப்பா அதையேதான் வேறு விதமாகச் சொல்லியிருந்தார். கல்லாப் பெட்டி காத்துக்கொண்டிருக்கிறது என்றார்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைதோறும் காளியண்ணன் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வருவான். பழைய கேள்வித் தாள்களைக் கொஞ்சம் சேர்த்து வைத்திருந்தார்கள். உண்மையான தேர்வு எப்படியோ அப்படியே, காலையில் கணக்கும் பொது அறிவும், மத்தியானத்துக்குப் பிறகு ஆங்கிலக் கட்டுரையும் என்று கடிகாரத்தை வைத்து எழுதுவார்கள். எழுதி முடித்ததும் தாளை மாற்றிக்கொண்டு ஒருவருக்கொருவர் திருத்துவார்கள். காளியண்ணன் இரக்கக்காரன். தப்பைக் கண்டாலும் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு மார்க்கைக் கொடுத்துவிடுவான். அமீன் அப்படியில்லை. அவன் சிவப்புப் பென்சில் ஓர் எழுத்தையும் விடாது.

காளியண்ணனின் காலைத் தாள் எப்போதும் அறுபதைத் தாண்டும். பிற்பகல் தாள் நாற்பதைத் தொடாது. தனக்கு ஆங்கிலம்தான் வரவில்லை என்று அவன் முடிவு கட்டியிருந்தான். அகராதியை மனப்பாடம் செய்தான். துரை படித்துவிட்டுப் போடும் ஆங்கிலப் பத்திரிகையின் தலையங்கங்களைப் பார்த்து எழுதிப் பழகினான். மாதக்கணக்கில் அப்படிச் செய்தும் மார்க் நகரவில்லை.

குழந்தை கேட்டுவிட்டுப் போன பிறகு அமீன் அத்தனை தாள்களையும் தரையில் பரப்பினான். பிற்பகல் கட்டுரைகளில் முதல் பக்கம் சுத்தமாக இருந்தது. இரண்டாவது பக்கத்தில்தான் வரிகள் கோணின, சொற்கள் விட்டுப்போயின, சொன்னதையே மறுபடி சொன்னான். ஆங்கிலம் தெரியாதவன் முதல் பக்கத்திலேயே விழுந்திருக்க மாட்டானா? அமீன் அவனைக் கூர்ந்து பார்த்து, ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்குச் சாப்பிடுவாய் என்று கேட்டான்.

காளியண்ணன் மழுப்பினான். பிறகு சொன்னான். தோட்டத்து லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். கேட் காலை ஆறு மணிக்குத்தான் திறக்கும். காட்டுக்காரர்களுக்கு, அதாவது காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு, உணவு போய்விடக் கூடாது என்று அரிசியை வீட்டுக்குக் கொடுப்பதை நிறுத்தி, ஒரே கொட்டகையில் ஆக்கிப் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தச் சோறு பத்து மணிக்குத்தான் கிடைக்கும். கேட் திறந்ததும் கிளம்பினால்தான் பஸ்ஸைப் பிடிக்கலாம். ஒரு பிடி சோற்றைக்கூட கேட்டைத் தாண்டிக் கொண்டுவர முடியாது. ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் சாயங்காலம் வரை வெறும் தண்ணீரில்தான் இருந்தான்.

"கீழே கடை இருக்கு. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல என்னடா?"

"ஓசிச் சோறு எனக்கு இறங்காது."

அமீன் பரீட்சை மேற்பார்வையாளர் குரலில் அறிவித்தான். "அப்ப இது பரீட்சை விதி. ரெண்டு தாளுக்கு நடுவுல சாப்பிடாதவனுக்குப் பத்து மார்க் வெட்டு."

"எந்தச் சட்டத்துல இருக்கு அது?"

"எங்க காக்கா கடைச் சட்டத்துல இருக்குலா. வந்து உக்காரு."

சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பது என்ற நிபந்தனையோடு காளியண்ணன் ஒப்புக்கொண்டான். அன்று முதல் பிற்பகல் தாள் ஏறியது. ஐம்பதைத் தொட்டது. அடுத்த மாதம் ஐம்பத்தெட்டு. காளியண்ணன் புதிதாக ஒன்றும் படிக்கவில்லை. உள்ளே ஏற்கெனவே இருந்தது வெளியே வந்தது, அவ்வளவுதான். மனிதர்களிடம் நாம் குறை என்று நினைப்பதில் பாதி, யாரும் அவர்களைச் சாப்பிட்டாயா என்று கேட்காததால் வந்ததாக இருக்கும்.

பிறகு நோன்பு மாதம் வந்தது. பகலில் கடையைச் சாத்திவிட்டார்கள். மேசைகள் காலியாகக் கிடந்ததால் ஞாயிற்றுக்கிழமைத் தேர்வு மாடியிலிருந்து கீழே இறங்கியது. இனிமேல் நடுவேளைச் சோறு வேண்டாம் என்று காளியண்ணன் கண்டிப்பாகச் சொன்னான். நோன்பு இருப்பவன் முன்னால் உட்கார்ந்து எப்படித் தின்பது என்று கேட்டான். அமீன் கேட்கவில்லை. சாத்திய கடையின் அடுப்பைத் தானே மூட்டி, ஓர் ஆளுக்கு அளந்து ஆக்கினான். காளியண்ணன் சாப்பிடும்போது முதுகைத் திருப்பிக்கொண்டு தாள் திருத்தினான். ஒருநாள் சீனி முகம்மது பள்ளிவாசலிலிருந்து வந்து இதைப் பார்த்தார். ஊறுகாய் ஜாடியை எடுத்துக் காளியண்ணன் பக்கம் நகர்த்திவிட்டுப் போனார்.

அந்த மாதத்தில் அமீனின் பிற்பகல் மார்க்தான் இறங்கியது. காளியண்ணன் கேள்விக்குறிகளாகப் போட்டும் அதைத் தூக்கி நிறுத்த முடியவில்லை. தேர்வு நோன்பின் கடைசி வாரத்தில் வருகிறதே, அன்று ஒருநாள் மட்டும் விட்டுவிட்டுப் பின்னால் பிடித்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டான்.

"உனக்கு ஒருத்தர்தான் திருத்துறாரு. எனக்கு ரெண்டு பேரு," என்று சொல்லி அமீன் மேலே கையைக் காட்டினான். "அங்கேயும் பாஸாகணும்ல."

தேர்வு கோலாலம்பூரில் ஒரு பள்ளி மண்டபத்தில், ஒன்பது மணிக்கு. முதல் பஸ் ஏழு மணிக்கு முன்பே அசாம் ஜாவா சோதனைச் சாவடிக்கு வந்துவிடும். காளியண்ணனின் தோட்டத்துச் சடக்கு அங்கேதான் பெரிய சாலையில் சேர்கிறது. அவன் அங்கே ஏறிக்கொள்வதாக ஏற்பாடு. அதைத் தாண்டி வழியெல்லாம் சோதனை இருக்கும் என்பதால் கோலாலம்பூரில் இறங்கிச் சாப்பிட நேரம் இருக்காது. பிற்பகல் தாளுக்கு முன்பாவது ஏதாவது கிடைக்கும் என்று காளியண்ணன் சொன்னான். பெரிய டவுனில் சோற்றுக்கா பஞ்சம் என்றான். அமீன் தலையை ஆட்டினான். அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் கடை இல்லை என்பது போன வருடம் பார்த்ததில் அவனுக்கு நினைவிருந்தது. காளியண்ணனுக்கு நினைவில்லை.

அந்தக் காலை காளியண்ணன் கேட் திறந்ததும் கிளம்பி, பனியில் கால் நனைய நடந்து அசாம் ஜாவா வந்து சேர்ந்தான். பஸ் நின்றுகொண்டிருந்தது. ஆட்களை இறக்கி ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசையாக நிறுத்திச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். புதிதாக ஏறுபவர்களும் வரிசையில் நின்றுதான் ஏற வேண்டும். அமீன் முன்னால் நின்றான். இவனைக் கண்டதும் கண்ணாலேயே சிரித்தான். காளியண்ணன் அவனுக்கு இரண்டு ஆள் பின்னால் போய் நின்றான்.

அமீனின் பையில் பேனாவும் மைக்கூடும் ஒரு சிறிய துவாலையும் இருந்தன. துவாலைக்குள் வாழையிலையில் கட்டிய பொட்டலம் இருந்தது. கார்ப்பரல் அதைப் பிரித்தார். சோறும் இரண்டு துண்டு வறுத்த மீனும்.

சோறு கொண்டுபோகக் கூடாது என்பது அமீனுக்குத் தெரியாததல்ல. ஆனால் முந்தின வாரம்தான் ஒரு கிழவி பலகாரப் பொட்டலத்தோடு போனதையும், கான்ஸ்டபிள்கள் அவளைத் திட்டி அனுப்பியதையும் பார்த்திருந்தான். ஓர் ஆள் சோறு, மிஞ்சிப்போனால் பிடுங்கிக்கொள்வார்கள் என்று நினைத்துவிட்டான். ஒன்றை மட்டும் அவன் யோசிக்கவில்லை.

கார்ப்பரல் வயதானவர், மலாய்க்காரர், கோபமில்லாத குரல். மலாயில்தான் கேட்டார். "நீ முஸ்லிம்தானே. நோன்பு இருக்கியா?"

"இருக்கேன்."

"அப்ப இந்தச் சோறு யாருக்கு?"

பசித்தவன் கையில் சோறு இருந்தால் அது அவன் சோறு. நோன்பாளி கையில் பகலில் சோறு இருந்தால் அது வேறு யாருக்கோ போகிறது. அந்த நாளில், அந்தச் சாலையில், ஒருவன் பெயர் சொல்லாமல் இன்னொருவருக்குச் சோறு கொண்டுபோகிறான் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

நோன்பு இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் அமீன் தப்பியிருப்பான். அந்தப் பொய் அவன் வாயில் வரவில்லை. எனக்குத்தான் என்று சொன்னால் அதுவும் பொய். காளியண்ணன் பெயரைச் சொன்னால் அவனையும் விசாரணைக்கு நிறுத்திவைப்பார்கள், அவன் தேர்வு போய்விடும். பொய்யும் சொல்லாமல் நண்பனையும் காட்டிக்கொடுக்காமல் அமீனுக்கு மிஞ்சியது ஒரே ஒரு வாக்கியம்தான்.

"நான்தான் கட்டினேன்."

"அதைக் கேக்கல. யாருக்கு?"

கார்ப்பரல் வரிசையைப் பார்த்தார். இந்தப் பொட்டலத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் யாராவது உண்டா என்று சத்தமாகக் கேட்டார். தமிழ் ஆட்களுக்காக ஸ்பெஷல் கான்ஸ்டபிள் முருகையா அதைத் தமிழில் திருப்பிச் சொன்னார். "யாருன்னாலும் இப்பவே சொல்லிடுங்கப்பா. தம்பிக்கு நல்லதில்ல."

காளியண்ணன் சொல்ல வேண்டியிருந்தது அதிகமில்லை. எனக்குத்தான் ஐயா என்று இரண்டு சொல். பரீட்சைக்குப் போகிறேன், எனக்குக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறான் என்று இன்னும் ஒரு வரி. அமீன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வை போ என்று சொன்னதாகக் காளியண்ணனுக்குப் பட்டது. பஸ்காரர் ஹாரன் அடித்தார். வரிசை நகர்ந்தது. அவன் கையைத் தூக்கிக் காட்டினான், பையைத் திறந்து காட்டினான், ஏறி உட்கார்ந்தான். பஸ் கிளம்பியபோது அமீனைச் சாவடிக்குள் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒருவர் பொட்டலத்தை நீட்டிய கையில் தூரமாகப் பிடித்திருந்தார்.

பல வருடங்கள் அந்தப் பார்வையைக் காளியண்ணன் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தான். போ என்றுதான் சொன்னதா? அல்லது, சொல்லேன்டா என்று கேட்டதா? எப்படிப் பார்த்தாலும் தெளிவாகவில்லை. போ என்று சொன்னதாகவே வைத்துக்கொண்டாலும் போகத்தான் வேண்டுமா என்ற கேள்வி அப்படியே இருந்தது.

அன்று அவன் பட்டினியாகவே தேர்வு எழுதினான். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் கடை எதுவும் இல்லை. காலைத் தாளும் பிற்பகல் தாளும் எழுதினான். இரண்டாவது பக்கம் கோணவில்லை. பயமோ குற்ற உணர்வோ எதுவோ அவனைப் பிடித்து உட்கார வைத்து எழுத வைத்தது. இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தபோது ஆங்கிலத்தில் அறுபத்தாறு மார்க். அவன் எழுதிய எந்த ஆங்கிலத் தாளிலும் அவ்வளவு வந்ததில்லை. அந்த எண்ணைப் பார்த்துத்தான் அவன் முதல் முறையாக அழுதான். அந்தச் சோறு வேண்டியிருக்கவேயில்லை.

தேர்வன்று மாலையே போலீஸுக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்றுதான் அவன் தோட்டத்துக்குத் திரும்பினான். அவன் அம்மா வேலம்மா வாசலிலேயே வழிமறித்தாள். விஷயம் அவளுக்கு முன்பே எட்டியிருந்தது.

"நீ போயிச் சொன்னா அந்தப் புள்ளைய விட்டுருவாங்களா? உன்னையும் சேத்துப் பிடிப்பாங்க. நம்ம எல்லாரையும் லயத்தை விட்டு எறக்கி ஊருக்குக் கப்பலேத்துவாங்க. இந்தப் பொண்ண வச்சுக்கிட்டு நான் எங்கடா போவேன்?"

அவள் சொன்னது நடக்காததல்ல. பக்கத்துத் தோட்டத்தில் நடந்திருந்தது. நாளைக்கு என்று காளியண்ணன் தள்ளிப்போட்டான். சின்னக் காரியத்துக்கும் பெரிய காரியத்துக்கும் அந்த ஒரு சொல்தான் தடை.

அமீனை அங்கே இங்கே மாற்றி வைத்திருந்து மூன்று மாதத்துக்குப் பிறகு விட்டார்கள். அவன்மேல் எதையும் நிரூபிக்க முடியவில்லை. ஆனாலும் யாருக்குச் சோறு என்று கடைசிவரை சொல்லாதவனை அப்படியே விடவும் மனமில்லை. அசாம் ஜாவா சாவடியைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு போட்டு அனுப்பினார்கள். அந்த உத்தரவு வருடா வருடம் புதுப்பிக்கப்பட்டது. கோலாலம்பூர் தேர்வு மண்டபம் சாவடிக்கு அந்தப் பக்கம் இருந்தது.

சிங்கப்பூருக்குக் கப்பல் ஏறும் முன் காளியண்ணன் கடைக்குப் போனான். அமீனின் தாயார் மெகராஜ் பேகம் அவனை உள்ளே உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார். மகன் கைதான நாளைப் பற்றிப் பேச்சு வந்தபோது நடந்ததைச் சொன்னார். அன்று நோன்பு வைக்க விடியுமுன் சாப்பிடும் சகர் நேரத்தில் கடையில் மிச்சம் அரிசி இல்லை. அமீன் தன் தட்டில் போட்ட சோற்றைத்தான் அப்படியே இலையில் கட்டினான். இரண்டு பேரீச்சம்பழத்தோடு நோன்பு வைத்துக்கொண்டு போனான். "யாருக்குடா வாப்பான்னு கேட்டேன். சிரிச்சான். அவன் சொல்லவேயில்ல தம்பி. உங்களுக்காவது தெரியுமா?"

காளியண்ணன் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு தலை குனிந்திருந்தான். அந்த நேரம் அமீன் உள்ளே வந்து அவனை மாடிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டான். இளைத்திருந்தான். வந்ததும் வராததுமாகப் பிற்பகல் தாளில் என்ன கேட்டார்கள் என்றுதான் விசாரித்தான். எந்தத் தலைப்பை எடுத்தாய், எப்படி ஆரம்பித்தாய், எத்தனை பத்தி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, இல்லாத பென்சிலால் காற்றில் திருத்தினான். காளியண்ணன் அவன் கையைப் பிடித்து நிறுத்தினான். நான் சொல்லியிருக்கணும் என்று ஆரம்பித்தான்.

"விடுடா. ரெண்டு பேரும் அங்க நின்னுருந்தா மண்டபத்துல ரெண்டு நாக்காலி காலி. ஒண்ணு போதும்."

அவன் அப்படிச் சொன்னது மன்னிப்பு என்று காளியண்ணன் எடுத்துக்கொண்டான். மன்னிப்புத்தான். ஆனால் மன்னிப்பதால் சாவடி திறந்துவிடவில்லை.

மூன்று வருடம் கழித்துக் காளியண்ணன் பட்டத்தோடு ஊர் திரும்பினான். அரசாங்கப் பள்ளியில் ஆசிரியர் வேலைக்கு மனுப் போட்டிருந்தான். நேர்காணல் நன்றாக முடிந்திருந்தது. போலீஸ் விசாரணை அறிக்கை வந்தால் நியமனம் வந்துவிடும். வேலம்மா லயத்தை விட்டுப் போகும் நாளுக்காகச் சாமான்களைக்கூடக் கட்டத் தொடங்கிவிட்டாள்.

அமீன் கல்லாவில் உட்கார்ந்திருந்தான். கல்யாணம் ஆகியிருந்தது. மனைவி அஜீஸா, சாவடிக்கு அந்தப் பக்கம் இருந்த அம்பாங் பெச்சாக்காரி. நிக்காவுக்கு அவள் வீட்டாரே கோலா சிலாங்கூருக்கு வந்து செய்துவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளை இன்றுவரை மாமனார் வீட்டு வாசலை மிதித்ததில்லை. இப்போது மாமனார் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். போய்வர அனுமதி கேட்டு அமீன் இரண்டுமுறை மனுக் கொடுத்து இரண்டுமுறையும் மறுத்துவிட்டார்கள். அஜீஸா தனியாகக் கைக்குழந்தையோடு பஸ் மாறிப் போய்வந்தாள். மருமகனை இன்னொருதரம் கண்ணால் பார்த்துவிட்டுப் போகணும் என்று அவள் தகப்பனார் சொல்லி அனுப்பியிருந்தார்.

இதையெல்லாம் அமீன் முறையிடவில்லை. காளியண்ணன் கேட்டதற்குப் பதிலாகத்தான் சொன்னான்.

"அந்த உத்தரவை எடுத்துட்டா மறுபடி எழுதுவியாடா?" என்று காளியண்ணன் கேட்டான்.

"எதை?"

ஒரு கணம் அமீனுக்கு நிஜமாகவே புரியவில்லை. புரிந்ததும் சிரித்தான். "அதெல்லாம் போச்சுடா. இப்ப எனக்கு இங்கிலீஷ்ல கட்டுரை எழுதச் சொன்னா ரொட்டிக்கும் கறிக்கும் கணக்குத்தான் எழுதுவேன்." பிறகு ஒரு வாடிக்கையாளர் கூப்பிட எழுந்து போய்விட்டான்.

காளியண்ணன் அன்று இரவு தூங்கவில்லை என்று எழுதினால் மிகையாகும். தூங்கினான். விடிந்து எழுந்தபோது மனம் தெளிந்திருந்தது. இத்தனை நாளும் அமீனுக்குத் தேர்வைத் திருப்பிக் கொடுக்க வழி தேடிக்கொண்டிருந்தான். வழி கிடைக்கவில்லை என்பதையே சாக்காக வைத்து ஒன்றும் செய்யாமல் இருந்தான். தேர்வு திரும்ப வராது. அதை யாராலும் கொடுக்க முடியாது. ஆனால் அவன் அன்று சொல்லாமல் விட்ட இரண்டு சொல் இன்னமும் அவனிடமே இருந்தது. அதைக் கொடுக்கலாம்.

அவன் வெள்ளிக்கிழமை மதியத்தைத் தேர்ந்தெடுத்தான். அந்த நேரத்தில் அமீனும் சீனி முகம்மதுவும் ஜும்ஆவுக்குப் போயிருப்பார்கள். கடைத்தெருவில் நடமாட்டம் இருக்காது. போலீஸ் நிலையத்தில் மலாய்க்காரர்கள் எல்லாரும் பள்ளிவாசலில் இருக்க, ஒரு சீக்கிய இன்ஸ்பெக்டர் மட்டும் மேசையில் காகிதங்களோடு உட்கார்ந்திருந்தார்.

காளியண்ணன் நின்றபடியே சொன்னான். தேதியைச் சொன்னான், சாவடியைச் சொன்னான். அந்தச் சோறு தனக்காகக் கட்டப்பட்டது என்றான். தான் இரண்டு ஆள் பின்னால் நின்றதாகவும், கேட்டபோது வாய் திறக்காமல் பஸ் ஏறியதாகவும் சொன்னான்.

இன்ஸ்பெக்டர் கையிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்தார். யாராவது சொல்லச் சொல்லி அனுப்பினார்களா என்று கேட்டார். இல்லை என்றான். எங்கே வேலை என்று கேட்டார். அரசாங்கப் பள்ளிக்கு மனுப் போட்டிருப்பதைச் சொன்னான். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா ஏதோ அபராதத்தோட முடிஞ்சிருக்கும். இப்ப இதை நான் மேல அனுப்பினா, உங்க வேலைக்கு விசாரிக்கிற ஆபீஸுக்கும் ஒரு நகல் போகும். போனா அவங்க உங்களை எடுப்பாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். நீங்க இன்னும் கையெழுத்துப் போடல. எழுந்து போறதா இருந்தா போகலாம். நான் ஒண்ணும் கேக்கலைன்னு வச்சுக்கிறேன்."

காளியண்ணன் வேலம்மாவை நினைத்தான். கட்டி வைத்த சாமான்களை நினைத்தான். பள்ளிவாசலிலிருந்து ஓதும் சத்தம் காற்றில் வந்து போயிற்று. பேனா கொடுங்கள் என்றான்.

கையெழுத்துப் போட்டு முடித்ததும் இன்ஸ்பெக்டர் கேட்டார், கடைக்காரத் தம்பியிடம் யார் வந்து சொன்னது என்று தெரிவிக்கலாமா என்று. வேண்டாம் என்றான் காளியண்ணன். தெரிந்தால் அவன் எனக்காக வருத்தப்படுவான் என்றான். இன்ஸ்பெக்டர் காகிதத்தை மடித்து உள்ளே வைத்தார். அவன் வெளியே போகும்போது எழுந்து நின்றார்.

அடுத்த மாதம் உத்தரவு நீங்கியது. அமீன் அஜீஸாவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் அம்பாங் பெச்சாவுக்குப் போனான். மாமனார் அவன் கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் சில வாரம் இருந்தார். மெகராஜ் பேகம் தன் துஆவுக்குப் பலன் கிடைத்தது என்று தெருவெல்லாம் சொன்னார். அது பொய்யென்று யார் சொல்ல முடியும்? காளியண்ணனுக்கு அரசாங்க நியமனம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று வேலம்மாவுக்கு அவன் சொல்லவுமில்லை. தஞ்சோங் காராங்கில் ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்துகொண்டான்.

ஆனால் இதெல்லாம் பின்னால் நடந்தது. அந்த வெள்ளிக்கிழமை மதியம் அவன் நிலையத்துப் படியிறங்கியபோது தெரு காலியாகக் கிடந்தது. சீனி முகம்மதுவின் கடைக் கதவு பாதி சாத்தியிருந்தது. தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வர இன்னும் நேரம் இருந்தது. அவர்கள் வருவதற்குள் போய்விட வேண்டும் என்று காளியண்ணன் பஸ் நிற்கும் இடத்துக்கு வேகமாக நடந்தான்.